அந்த அபராதத்தில் ஒரு டாலர்கூடக் கட்டப்படவில்லை

“ராக்ஃபெல்லரையே 2.92 கோடி டாலர் கட்டவைத்த நீதிபதி” என்று கெனசா மவுண்டன் லாண்டிஸ் படத்துடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

1907-ல் சிகாகோ ஃபெடரல் நீதிமன்றத்தில் ராக்ஃபெல்லரின் எண்ணெய்க் கம்பெனியான இண்டியானா ஸ்டாண்டர்ட் ஆயிலுக்கு அவர் அபராதம் விதித்தது உண்மை. ரயில் கட்டணத்தில் சலுகை பெற்ற 1,462 குற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் 20,000 டாலர். அந்தக் கம்பெனியின் மூலதனமே பத்து லட்சம்தான்! 1908-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணையில் கம்பெனி விடுதலையானது.

பேஸ்பால் கமிஷனரானதால் (அந்த விளையாட்டின் நிர்வாகத் தலைவர்) அவருடைய நீதிபதி பதவி பறிபோனது என்று சொல்வதும் தவறு. இரண்டு பதவிகளையும் ஒன்றாக வகித்ததற்கு எதிர்ப்பு கிளம்பியது, ஆனால் 1922-ல் அவரே நீதிபதி பதவியை ராஜினாமா செய்தார். பணிக்கால விவரங்களை அமெரிக்க ஃபெடரல் ஜுடிஷியல் சென்டர் இணையதளத்தில் பார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.