நான்கால் பெருக்கும் விதி அடுத்த ஒரு சீட்டுக்கானது அல்ல

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் போக்கர் சீட்டாட்டப் பயிற்சி நூல் வாங்கிய நண்பர், கையிலும் மேசையிலுமாக நான்கு ஆட்டின் (இதயக் குறிச் சீட்டுகள்) சேர்ந்துவிட்டால், அடுத்த சீட்டே ஆட்டினாக வர 36 சதவீத வாய்ப்பு உண்டு என்று எழுதியிருக்கிறார். மதுரை நண்பர்கள் பலரும் அதை அப்படியே பகிர்ந்து வருகிறார்கள்.

நமக்கு உதவக்கூடிய சீட்டுகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கும் விதி (இங்கே மிச்சமுள்ள 9 ஆட்டின் × 4 = 36), மேசையில் மூன்று சீட்டுகள் விரிந்தபின் இன்னும் வரவேண்டிய இரண்டு சீட்டுகளுக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. அடுத்த ஒரு சீட்டுக்கு மட்டும் என்றால் இரண்டால்தான் பெருக்க வேண்டும். வாய்ப்பு ஏறத்தாழ 19 சதவீதமே.

இதைச் சரிபார்க்க ஒரு சீட்டுக்கட்டு போதும். ஜோக்கர்களை நீக்கிய 52 சீட்டுகளில், கையிலுள்ள இரண்டையும் மேசையிலுள்ள மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் 47. அதில் ஆட்டின் 9. ஒன்பதை 47ஆல் வகுத்தால் 19 சதவீதம் வரும். இரண்டு சீட்டுகளும் ஆட்டினாக இல்லாமல் போகும் வாய்ப்பு 38/47 × 37/46, அதாவது 65 சதவீதம். எஞ்சிய 35தான் நண்பர் சொன்ன 36க்கு நெருங்கிய உண்மைக் கணக்கு.

புதிதாகக் கற்பவர்களை இந்த வேறுபாடு வெகுவாகப் பாதிக்கும் என்பதாலேயே எழுதுகிறேன். நடுவில் 200 புள்ளிகள் இருக்க, எதிராளி 100 வைத்தால், நாமும் 100 வைப்பதற்குக் குறைந்தது 25 சதவீத வாய்ப்பு தேவை (மொத்தம் 400இல் நம் பங்கு 100); அடுத்த சீட்டை மட்டும் நம்பினால் 19 போதாது.