மாஜருக்கு ஒரு வரி போதாது

அல்ஜீரியக் கால்பந்தின் உச்சம் ரியாத் மஹ்ரெஸ் என்கிறது அந்நாட்டுக் கால்பந்து பற்றிய உங்கள் கட்டுரை. சரி, இங்கிலாந்தின் லெஸ்டர் அணியோடு அவர் வாங்கிய பிரீமியர் லீக் பட்டம் சாதாரணமா என்ன? ஆனால் எண்பதுகளின் அல்ஜீரிய நட்சத்திரம் ரபா மாஜரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, மனசு கேட்கவில்லை.

1987 மே மாதம், வியன்னாவில் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். மாஜர் ஆடிய போர்ச்சுகல் அணியான போர்ட்டோவுக்கு எதிராக ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் 1-0 என முன்னிலை. 77-வது நிமிடத்தில் பந்து காலுக்கு வந்தபோது மாஜரின் முதுகு கோல் பக்கம் இருந்தது. திரும்பி உதைக்க அவகாசம் இல்லை. குதிகாலால் அப்படியே பின்னால் தட்டினார், பந்து உள்ளே! எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத கோல் அது. அப்புறம் சில நிமிடங்களிலேயே இடது பக்கமிருந்து அவர் தூக்கிக் கொடுத்த பந்தில்தான் சக வீரர் ஜுவாரி வெற்றி கோலை அடித்தார். போர்ட்டோவுக்கு அதுதான் முதல் ஐரோப்பியக் கோப்பை.

அதே ஆண்டு டிசம்பரில், ஐரோப்பிய, தென் அமெரிக்க சாம்பியன்கள் மோதும் கண்டங்களுக்கு இடையிலான கோப்பையில், டோக்கியோவின் பனி மூடிய மைதானத்தில் உருகுவே அணியான பெனரோலை வீழ்த்திய கோலும் அவருடையதே. 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை அல்ஜீரியா 2-1 என்று சாய்த்தபோது முதல் கோல் அடித்தவரும் மாஜர்தான். 1990-ல் சொந்த மண்ணில் ஆப்பிரிக்கக் கோப்பையும் வென்றார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதுங்கள், ஐயா.