ஏற்றுமதி வேறு, உற்பத்தி வேறு
உலகின் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உற்பத்தியாகிறது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது ஏற்றுமதிக்குத்தான் பொருந்தும். உற்பத்தியில் முதலிடம் சீனாவுக்கு: 2022-இல் 50 லட்சம் டன்னுக்கு மேல். அவ்விரு நாடுகளையும் கூட்டினாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு வராது. நியூசிலாந்தில் 1982-இல் சுமார் 7 கோடியாக இருந்த செம்மறிகள் இன்று 2.5 கோடிக்கும் கீழே. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் விளையும் இறைச்சி பெரும்பாலும் உள்ளூரிலேயே உண்ணப்படுவதால் வணிகக் கணக்கில் தெரிவதில்லை. அந்த மேய்ப்பர்களின் உழைப்பு இப்படி மறைந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் இலவசப் புள்ளிவிவரத் தளத்தில் இதை யாரும் சரிபார்க்கலாம். உற்பத்திப் பிரிவில் செம்மறி, வெள்ளாடு இரண்டின் இறைச்சியையும் தேர்ந்தெடுத்துக் கூட்டுங்கள். பிறகு வணிகப் பிரிவைத் திறந்து ஒப்பிடுங்கள்.