காசிமேட்டுக்காரனுக்கே கடல் மணலா?

இன்னொரு முறை எவனாவது என்னிடம் "ஒரிஜினல் ஆத்து மணல்" என்று சொன்னால், அதை அவன் வாயிலேயே கொட்டிவிட்டுத்தான் மறுவேலை.

மீன் தொட்டிக்கு மணல் வாங்கப் போன கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையில் தெளிவாகத்தான் கேட்டேன். "அண்ணே, கோரி மீன் வளர்க்கிறேன். மணலைக் கிளறி இரை தின்னும். கூரா இருந்தா மீசை தேஞ்சிடும், வழவழன்னு வேணும்." முதலில் நீட்டியது எம்-சாண்ட். பாறையை உடைத்த தூள், துகளுக்குத் துகள் முனை. வீடு கட்டவா வந்திருக்கிறேன்? அடுத்து நீலக்கலர் மணல். ஈரக்கையால் தொட்டேன், விரல் நீலம். அப்புறம்தான் உள்ளே போய், பூட்டி வைத்த நகையை எடுத்து வருவது போல ஒரு மூட்டை. "கண்ண மூடிக்கினு போடு தம்பி, கழுவக்கூடத் தேவல."

பத்துக் கிலோ. பெரம்பூர், வியாசர்பாடி வழியாக பைக்கில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

கழுவத் தேவையில்லாத மணலை ஏழு முறை கழுவினேன். ஏழாவது முறையும் டீ நிறம். விரலில் ஒரு சிப்பித் துண்டு குத்தியது. சரி, ஆற்றிலும் சிப்பி உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து வந்தது குட்டிச் சோழி. எந்த ஆற்றில் ஐயா சோழி? ஒரு கரண்டி மணலில் வினிகரை ஊற்றினேன். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கியது. அவ்வளவு சுண்ணாம்பு! தொட்டியில் கொட்டியிருந்தால் மெல்லக் கரைந்து தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஎச்சும் கடினத்தன்மையும் ஏறிக்கொண்டே போயிருக்கும். எங்கள் போர் தண்ணீருக்கு அந்தச் சேவை வேறு தேவையா? பேசாமல் தண்ணீர் பில்டருக்குப் போடும் சிலிக்கா மணலைக் கேட்டிருக்கலாம். வினிகருக்கெல்லாம் அசையாது அது.

கடல் மணல்! காசிமேட்டில் என் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். அந்தக் கடல் மணலை கொளத்தூர் வரை போய், காசு கொடுத்து வாங்கி, பெட்ரோல் செலவழித்துக் கடலுக்கே திரும்பக் கொண்டு வந்திருக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்டா, வஞ்சிரம் வளர்க்கப் போறியா?" என்கிறார்.

கோரி ஆறும் இன்னும் வெறும் கண்ணாடித் தரையைத் தடவிக்கொண்டிருக்கின்றன. திருப்பிக் கொடுத்துச் சண்டை போடலாம் என்று மணலை மாடியில் காய வைத்தேன். கீழ்வீட்டுப் பூனை வந்தது. முகர்ந்தது. இரண்டு காலாலும் கிளறிப் பார்த்தது. வழவழவென்று இருந்திருக்க வேண்டும், நிதானமாக உட்கார்ந்துவிட்டது.