கேனை விளிம்புவரை நிரப்பலாமா?

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் மேற்கு ஓரத்து மவுண்ட் டேரை விட்டால் கிழக்கு ஓரத்து ஊரான பேர்ட்ஸ்வில் வரை பெட்ரோல் கிடைக்காது. கூடுதல் கேன்கள் தேவைதான். ஆனால், "திறந்த டிரெய்லரில் காற்றோட்டம் உண்டு, கேனை இறக்காமலே நிரப்பலாம், விளிம்புவரை நிரப்பினால் ஆவி சேராது" என்று பரவும் தகவல் இரு வகையிலும் தவறு.

பெட்ரோல் சூட்டில் விரியும். 20 டிகிரியில் நிரப்பிய 20 லிட்டர், 40 டிகிரியில் ஏறத்தாழ 380 மில்லி கூடிவிடும். இடமில்லாத கேன் வயிறு உப்பி, மூடியோரம் கசியும். கசியும் பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. வண்டி நின்றதும் டிரெய்லர் தளத்திலேயே தேங்கும்.

நிரப்பும்போது நிலைமின்சாரமும் உண்டாகிறது. டிரெய்லரில் கேனுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் அந்த மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. ஒரு பொறி போதும். கேனைத் தரையில் வைத்து, குழாய்முனை அதன் வாயைத் தொட்டபடி நிரப்புங்கள். தூக்கி இறக்கச் சோம்பல் என்றால் பயணத்தையே தள்ளிப்போடலாம்.