"பொறுத்துக்கோம்மா" என்று சொல்வதற்கு முன்னால்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் வளைகாப்புப் படம் ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் "பாரு, சந்தோஷத்துல கண்ணு கலங்கிடுச்சு" என்பார்கள். அது சந்தோஷம் இல்லை. வலி.

2021 தை மாதம். எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கிற நோய், வந்து அப்போது ஆறு வருஷம். இரண்டு கையிலும் விரல்களின் அடிமுட்டிகள் வீங்கிக் கிடந்தன. பெரியம்மா கண்ணாடி வளையலை எடுத்து, "விரலைக் குவிம்மா" என்றார். குவியவில்லை. சோப்பு நுரை தடவி, கையை அமுக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். வாத மருத்துவரிடம் போனவர்களுக்குத் தெரியும், கை குலுக்குவது போலப் பிடித்து அந்த முட்டி வரிசையை லேசாக அமுக்கித்தான் அவர் சோதிப்பார். அந்த லேசான அமுக்கத்துக்கே உயிர் போகும். எனக்கு அன்றைக்குக் கைக்குப் பதினோரு வளையல்.

நான் கத்தவில்லை. ஐந்தாறு மாதமாகச் சுற்றியிருந்த அத்தனை பேரும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: பொறுத்துக்கோம்மா, பிள்ளைக்காக.

அந்த வார்த்தையை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். நோய் இன்னதென்று தெரிந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாரம் ஒரு நாள், ஞாயிறு ராத்திரி, மெத்தோட்ரெக்சேட் என்ற வாத மாத்திரை. அது போக ஃபோலிக் ஆசிட் மாத்திரை. நன்றாகவே இருந்தேன், கோலம்கூடப் போட்டேன். வரன் பார்க்க ஆரம்பித்ததும் அம்மா என் மாத்திரை டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு நானே நிறுத்திவிட்டேன். புகுந்த வீட்டில் யாராவது பார்த்து "இது எதுக்கும்மா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

பிறகுதான் தெரிந்தது, மெத்தோட்ரெக்சேட் எடுக்கும்போது கரு உண்டானால் அது கலையலாம், பிள்ளை உறுப்புக் குறைபாட்டோடு பிறக்கலாம். குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதங்கள் முன்பே அதை நிறுத்த வேண்டும். என் பிள்ளை தப்பித்தது யாருடைய அறிவுரையாலும் இல்லை, நான் நோயை ஒளித்து வைத்ததால். ஆறு வருஷத்தில் ஒரு மருத்துவர்கூட "கல்யாணம் எப்போம்மா, குழந்தை பற்றி என்ன யோசனை?" என்று கேட்டதில்லை. கல்யாணமாகாத பெண்ணிடம் கருத்தடை பற்றிப் பேசுவதா என்ற கூச்சமாக இருந்திருக்கும். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிற நோய், பிள்ளை பெறும் வயதிலேயே பலருக்கு வந்துவிடுகிறது. அந்த நோய்க்கு மருந்து எழுதுகிறவர்களுக்கு இந்தக் கூச்சம் இருக்கவே கூடாது.

கர்ப்பம் உறுதியானதும் மகப்பேறு மருத்துவரிடம் மூட்டு வலியைச் சொன்னேன். "அதையெல்லாம் வாத டாக்டர்கிட்டதான் கேக்கணும்" என்றார். வாத மருத்துவரிடம் போனேன். "பிள்ளைத்தாச்சிக்கு நான் எதுவும் எழுத மாட்டேன், உங்க மகப்பேறு டாக்டர் சொன்னா பார்க்கலாம்" என்றார். இரண்டு சீட்டிலும் என் வலிக்கு ஒரு வரி இல்லை. இரண்டு பேருமே நல்ல மருத்துவர்கள்தான். இரண்டு பேரும் பயந்தார்கள்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையைத் தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். 1961-இல் அங்கே அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த மாத்திரையால் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சி இல்லாமலும் வேறு குறைகளோடும் பிறந்தார்கள். அதை மறக்கவே கூடாது. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் கோணலாகப் போய்விட்டது. 1977-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களையே மருந்துகளின் ஆரம்பகட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 1993-இல்தான் அது மாறியது. கர்ப்பிணிகள் இன்றைக்கும் பெரும்பாலான சோதனைகளுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். சோதித்துப் பார்க்காததால் தெரியாது, தெரியாததால் கொடுக்க மாட்டோம். நடுவில் மாட்டிக்கொள்வது எங்களைப் போன்றவர்கள்.

இதில் எனக்கு ஆற்றாமை தருகிற விஷயம் ஒன்று உண்டு. ஸ்டீராய்டு என்கிற மருந்து முடக்குவாதத்துக்கு வந்ததில் கர்ப்பிணிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதப் பெண்கள் கர்ப்பமானால் வலி குறைகிறது, பிரசவம் முடிந்ததும் திரும்பி வருகிறது என்று கவனித்து 1938-இல் எழுதினார். உடம்புக்குள்ளேயே வலியை அடக்கும் ஏதோ ஒன்று சுரக்கிறது என்று தேடிப் போனவர், 1948-இல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1950-இல் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்களின் மூட்டுகள் உலகத்துக்கு ஒரு மருந்து கிடைக்க உதவின. அதே பெண்களைத்தான் இன்று வெறும் கையோடு வீட்டுக்கு அனுப்புகிறோம்.

ஹென்ச் கவனித்தது உண்மைதான், ஆனால் எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. சுமார் பாதிப் பேருக்குக் குறையும். நான் மீதிப் பாதி.

விடியற்காலையில்தான் மோசம். எழுந்து இரண்டு மணி நேரத்துக்குக் கை மரக்கட்டை. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவேன். அத்தையிடம் அதற்கு மேலும் மறைக்க முடியவில்லை. நான் பயந்த மாதிரி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நொச்சி இலை போட்டு வெந்நீர் காய்ச்சி, நாலரை மணிக்கே எழுந்து எனக்கு ஒத்தடம் கொடுத்தார். அந்தச் சூடு கையில் இருக்கிற வரைக்கும் சுகம். அதே அத்தைதான் "மாத்திரை மட்டும் வேண்டாம்மா, பொறுத்துக்கோ" என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். படித்த மருத்துவர்களே அதைத்தானே சொன்னார்கள்?

ஏழாவது மாதத்தில் பொறுமை தீர்ந்தது. மெடிக்கல் ஷாப்பில் போய் மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டேன். அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. சுடிதார் மேல் சால்வை போட்டிருந்தேன், வயிறு தெரியவில்லை. கடைக்காரர் கேட்கவும் இல்லை. முதல் மாத்திரையிலேயே சொர்க்கம். பதினைந்து நாள் போட்டேன். அடுத்த ஸ்கேனில் பனிக்குட நீர் மிகவும் குறைந்திருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "வலி மாத்திரை ஏதாவது போடறியாம்மா?" அதுவரைக்கும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பத்தின் பின்பாதியில் பனிக்குட நீர் என்பதே பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். அது குறைந்தால் நீர் வற்றும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கச் சொல்லி எச்சரித்தது 2020 அக்டோபரில், நான் கடைக்குப் போவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால். 30 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் பிறப்பு வரை திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. (ரத்த அழுத்தப் பிரச்சினைக்காக மருத்துவர் எழுதித் தருகிற குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் அதை நிறுத்திவிடாதீர்கள்.) நான் அன்றே நிறுத்தினேன். நீர் மெல்ல ஏறியது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அந்த இரண்டு வாரம் நான் தூங்கியது எத்தனை மணி நேரம் என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

என்னைக் கடைக்கு அனுப்பியது எது? "பொறுத்துக்கோ" தான். மருந்தே கூடாது என்று சொன்னால் வலி போய்விடாது. மனுஷி திருட்டுத்தனமாக மருந்து தேடுவாள். அதுவும் தப்பான மருந்தை. என்னையாவது ஸ்கேன் காப்பாற்றியது. பேர் ஒட்டாத பொட்டலப் பொடி வாங்கித் தின்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அப்படி விற்கிற சில பொடிகளில் ஸ்டீராய்டும் ஈயமும் இருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

இரண்டாவது குழந்தைக்கு வேறு ஊரில் வேறு வாத மருத்துவர். கர்ப்பத்துக்கு எட்டு மாதம் முன்பே போய் உட்கார்ந்தேன். மறுபடி தொடங்கியிருந்த மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி, ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபசலசினும் எழுதினார். சல்ஃபசலசின் உடம்பில் ஃபோலிக் ஆசிட்டைக் குறைக்கும் என்று அதையும் கூட்டி எழுதினார். நோய் அடங்கிய பிறகு முயற்சி செய்யச் சொன்னார். கர்ப்பத்தின் நடுவில் ஒருமுறை வீக்கம் வந்தபோது பிரட்னிசோலோன், 5 மில்லிகிராம். நான் பயந்தேன். அவர் தாளில் படம் போட்டுக் காட்டினார்: நஞ்சுக்கொடியில் ஒரு நொதி இருக்கிறது, இந்த மருந்தின் பெரும்பகுதியை அதுவே செயலிழக்கச் செய்துவிடும், குழந்தைக்குப் போவது கொஞ்சம்தான். எல்லா ஸ்டீராய்டும் இப்படி இல்லையாம், அதனால்தான் எது என்று பார்த்து எழுத வேண்டுமாம். அப்புறம் சொன்னார், "நோயைச் சும்மா விடுறதும் ஒரு முடிவுதான்மா. வீக்கம் அடங்காம இருந்தா குறைமாசத்துல பிறக்கலாம், எடை குறைவா பிறக்கலாம்." என் முதல் கர்ப்பத்தில் யாரும் தராசின் இந்தத் தட்டைக் காட்டவே இல்லை.

மற்ற வலிக்கெல்லாம் பாராசிட்டமால், தேவைப்பட்டால் மட்டும், குறைந்த அளவில். அதிலும் ஒரு சோதனை வந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் டைலெனால் போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரலாம், முடிந்தவரை வலியைத் தாங்கிக்கொள்ளுங்கள் என்ற ரீதியில் பேசினார். டைலெனால் என்பது நம் ஊர் பாராசிட்டமால்தான். மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினாறு ஃபார்வர்ட். அமெரிக்காவிலிருந்தும் அதே "பொறுத்துக்கோ"! ஸ்வீடனில் 1995-லிருந்து 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் வெளியானது. ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளில், பாராசிட்டமால் எடுத்தபோது பிறந்ததையும் எடுக்காதபோது பிறந்ததையும் ஒப்பிட்டால் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. டிரம்ப் பேச்சுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனமும் அப்படியொரு தொடர்புக்கு உறுதியான சான்று இல்லை என்றே சொன்னது. கடும் காய்ச்சலை அடக்காமல் விட்டால் குழந்தைக்குக் கெடுதல் என்பதையும் குழுவில் எழுதினேன். சின்ன மாமா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, பரவாயில்லை.

ஜனவரியில் மகன் பிறந்தான். இந்த முறையும் வளைகாப்பு நடந்தது. வளையல் ஏறியது.

பிரசவத்துக்குப் பிறகு வலி திரும்பும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆறாவது வாரத்தில் சொன்னபடி வந்தது. முதல் குழந்தையின்போது இதுதான் என்னை உடைத்துப் போட்டது. குழந்தையின் சட்டை நாடாவைக் கட்ட முடியாமல், பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். தூக்கும்போது விரல்களை நம்ப முடியாமல் முழங்கைகளை அடியில் கொடுத்து அள்ளினேன், நழுவிவிடுமோ என்ற பயத்தோடு. "பால் கொடுக்கிறவ மாத்திரை போடக் கூடாது" என்றார்கள். மறுபடியும் பொறுத்துக்கொண்டேன், ஐந்து மாதம். இந்த முறை தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மருந்துகள் எவை என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். எட்டாவது மாதத்திலேயே மருந்துச் சீட்டு என் கையில் இருந்தது. இரண்டு வாரத்தில் வீக்கம் இறங்கியது.

மருந்து நல்லது, எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஒத்துவந்தது உங்களுக்கு வராமல் போகலாம், உங்கள் நோயே வேறாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கிற வால்ப்ரோயேட், நரம்பு வலிக்கான சில மாத்திரைகள், கடும் வலிக்கான டிரமடால் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. வால்ப்ரோயேட்டெல்லாம் குழந்தைக்கு மிகக் கெடுதல். எதையும் நீங்களாகத் தொடங்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். ஆனால் கேளுங்கள். எனக்கு எது ஆகும், எது ஆகாது, எந்த வாரம் வரைக்கும் ஆகும் என்று கேளுங்கள். இரண்டு மருத்துவர்கள் உங்களைப் பந்தாடினால், இருவரையும் ஒருவருக்கொருவர் போனில் பேசச் சொல்லுங்கள். நான் இரண்டாவது முறை அப்படிச் செய்தேன். பேசினார்கள், மூன்று நிமிஷம்தான் ஆனது.

இதை இன்று எழுதக் காரணம், எங்கள் தெருவில் ஒரு பெண். இருபத்தி நான்கு வயது. போன வருஷம் முடக்குவாதம் என்று தெரிந்தது, ஞாயிறு ராத்திரி மாத்திரை எடுக்கிறாள். ஆவணியில் கல்யாணம். நேற்று மாடிப்படியில் உட்கார்ந்து, "அக்கா, மாத்திரையை நிறுத்திடட்டுமா? அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்கறாங்க" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுடைய மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். குழந்தை பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கேட்க வேண்டிய கேள்விகளை அதன் பின்பக்கத்தில் இருவருமாக எழுதினோம். வியாழக்கிழமை அவளுக்கு அப்பாயின்ட்மென்ட். மகனை அத்தையிடம் விட்டுவிட்டு நானும் கூடப் போகிறேன்.