டையோடு மட்டும் போதாது
ரிலேயின் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சின்) சுருளுக்குக் குறுக்கே டையோடு (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் உறுப்பு) இணைத்தால், சுருளை அணைக்கும்போது எழும் உயர் மின்னழுத்தத்திலிருந்து அதை இயக்கும் டிரான்சிஸ்டர் காக்கப்படும், ரிலே விடுபடும் வேகமும் குறையாது என்று கட்டுரை சொல்வதில் முதல் பாதி சரி; இரண்டாம் பாதியை ஏற்க இயலவில்லை. டிரான்சிஸ்டர் அணைந்த பின்னும் மின்னோட்டம் அந்த டையோடு வழியே சுற்றி ஓடுகிறது; சுருளின் மின்தடையையும் டையோடின் ஏறத்தாழ 0.7 வோல்ட்டையும் தவிர அதை அடக்க வேறொன்றும் இல்லாததால் மெதுவாகவே தணிகிறது. ஆர்மச்சூர் (சுருள் இழுக்கும் அசையும் இரும்புத் துண்டு) தாமதமாக விடுபடுவதைக் காட்டிலும், அது அசைக்கும் தொடுமுனைகள் தயங்கி விலகுவதால் அவற்றிடையே தீப்பொறி நீடிப்பதே பெரிய கேடு. நான் பழுது பார்த்த ஒரு தண்ணீர் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகையில் தொடுமுனைகள் இரண்டு முறை ஒட்டிக்கொண்டன. டையோடுடன் தொடராக, எதிர்த்திசையில் 24 வோல்ட் ஜீனர் (குறித்த மின்னழுத்தத்தை எட்டியதும் எதிர்த்திசையிலும் கடத்தும் டையோடு) ஒன்றைச் சேர்த்த பிறகு அத்தொல்லை வரவில்லை. 12 வோல்ட் சுற்றில் அப்போது டிரான்சிஸ்டர் ஏறத்தாழ 37 வோல்ட்டைத் (12 + 24 + 0.7) தாங்க வேண்டியிருப்பதால், 45 வோல்ட் தாங்கும் பிசி547 வகை டிரான்சிஸ்டர் பொருந்தும், 30 வோல்ட் மட்டுமே தாங்கும் பிசி548 பொருந்தாது. ரிலேயை இயக்கும்போது ஆர்மச்சூரை விரைவாக இழுக்க வழியுண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்; அந்த இழுப்பு வேகத்துக்கு ஜீனர் உதவாது. 12 வோல்ட் ரிலேயை, சுருளின் மின்தடைக்குச் சமமான மின்தடை ஒன்றைத் தொடராக வைத்து, 24 வோல்ட்டில் இயக்கினால் மின்னோட்டம் உயரும் கால மாறிலி (உயர எடுக்கும் நேரத்தின் அளவு) பாதியாகக் குறையும். ஆனால் அதே ஜீனருடன் டிரான்சிஸ்டர் மீது வரும் மின்னழுத்தம் 48 வோல்ட்டைத் தாண்டிவிடும் என்பதால், அங்கே பிசி547 கூடாது.